ஓய்வெடுத்தும் தீராத முதுகுப் பிடிப்பு

கேள்வி: பீரோவை நகர்த்தியபோது வலது தோள்பட்டை எலும்பின் உள்பக்கம் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. நான்கு மாதங்கள் ஆகின்றன. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார் மருத்துவர். படுத்திருந்தால் குறைகிறது. கம்ப்யூட்டர் முன் அரைநாள் உட்கார்ந்தாலோ, இரண்டு வயது மகளைத் தூக்கினாலோ திரும்பிவிடுகிறது. இன்னும் எத்தனை நாள் ஓய்வெடுப்பது? (36 வயது வாசகி)

பதில்: ஓய்வெடுத்தது போதும். இனி அந்தத் தசைக்கு வேலை கொடுங்கள்.

சாதாரணமாக நைந்த தசை சில வாரங்களில் ஆறிவிடும். உங்களுக்கு இப்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் காயமல்ல. பலவீனமும், தொட்டதற்கெல்லாம் சிணுங்கும் கூச்சமும்தான். படுத்தால் வலி அடங்குகிறது, கூடவே தசையின் வலுவும் இறங்குகிறது. வலியில்லாத நாள் வந்ததும் தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கிறீர்கள். மறுநாள் மறுபடியும் படுக்கை. இப்படியே சுற்றினால் ஒரு வருடம்கூட ஓடிவிடும்.

தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு இழுத்துப் பிடிப்பவை ராம்பாய்டு தசைகள். அவற்றுக்கு எளிய பயிற்சி ஒன்று போதும். ரப்பர் பட்டையை உறுதியான ஓரிடத்தில் மார்பளவு உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகள் விலாவை உரசியபடி பின்னால் இழுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது. இரண்டு விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். பலர் இழுப்பதைக் கவனமாகச் செய்துவிட்டு, விடும்போது படக்கென்று விட்டுவிடுகிறார்கள். பலனில் பாதி அங்கேயே போய்விடும். 10 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிறகு தடித்த பட்டைக்கு மாறுங்கள்.

கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு மூன்று என்ற அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயமில்லை. மிஞ்சினால் அளவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

மகளைத் தூக்குவதற்கும் இதே கணக்குதான். முதலில் உட்கார்ந்தபடி மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சில நாட்கள் கழித்து அவளை நாற்காலியில் நிற்க வைத்துத் தூக்குங்கள். தரையிலிருந்து தூக்குவது கடைசியில். அப்போதும் ஒரு முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்த பிறகே எழுந்திருங்கள்.

“நிமிர்ந்து உட்கார்” என்ற அறிவுரையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. விறைப்பாக நிமிர்ந்திருந்தாலும் தசை களைத்துத்தான் போகும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மவுஸ் கைக்கு அருகில் இருக்கட்டும்.

வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும். இதமாக நீவி விடலாம். வெறி பிடித்ததுபோல் அமுக்கச் சொல்லாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் தாமாக விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கை கால் மரத்தல் அல்லது பலமிழத்தல் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரைப் பாருங்கள். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு வலது தோள்பட்டைக்குக் கீழே வலி வந்தால் பித்தப்பையையும் சோதிக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை சேர்ந்துகொண்டாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால், ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கில் கோளாறு இருந்தால், வலி நீங்கள் சொல்லும் அதே இடத்தில் வந்து உட்காரலாம். அண்ணாந்து பார்க்கும்போதோ தலையைத் திருப்பும்போதோ வலி கூடுகிறதா என்று இப்போதே கவனித்து, அவரிடம் சொல்லுங்கள்.