குண்டு பல்பு, டியூப்லைட், சி.எஃப்.எல்., எல்.இ.டி.: எந்த வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியும்?

வீட்டில் எல்லாம் எல்.இ.டி. ஆன பிறகு துணியும் முகமும் நிறம் மாறித் தெரிகிறதே, பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரமை இல்லை. நான் ரவிக்கைத் துணி மேட்சிங் கடை வைத்திருப்பவன். இந்த விஷயத்தோடுதான் தினமும் பிழைப்பு. புடவையோடு வருகிறவர்கள் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பது வீண் சந்தேகத்தால் அல்ல. கடை விளக்கில் ஒரே அரக்காகத் தெரியும் இரண்டு துணிகளில், வெளியே போனதும் ஒன்று காவியடிக்கும், இன்னொன்று ஊதாவடிக்கும். இரண்டிலும் சாயம் வேறு. மேலே விழாத நிறத்தை எந்தத் துணியும் திருப்பிக் காட்ட முடியாது.

குண்டு பல்பில் இழை சூடாகி ஒளிர்வதால் வானவில்லின் எல்லா நிறங்களும் இடைவெளியில்லாமல் வரும். நிறம் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. அதில் இதற்குக் கிட்டத்தட்ட 100. ஆனால் அந்த 100, வெயிலோடு ஒப்பிட்டுத் தந்ததல்ல. அதே அளவு மஞ்சளான ஒளியோடு ஒப்பிட்டுத் தந்தது. கெல்வின் என்பது ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள். இதன் சுமார் 2700 கெல்வின் ஒளியில் நீலம் குறைவு. குங்குமமும் மாம்பழ மஞ்சளும் பட்டுச் சரிகையும் அதில் அவ்வளவு அழகாக இருக்கும். கருநீலத்தையும் கருப்பையும் பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

பழைய 40 வாட்ஸ் டியூப்லைட் இதற்கு நேரெதிர். நீலம், பச்சை தாராளம், சிவப்பு பஞ்சம். அதன் அடியில் உட்கார்ந்தால் யாருக்கும் முகம் வெளிறித் தெரியும். பின்னால் வந்த மெல்லிய டியூப்களிலும் சி.எஃப்.எல்.லிலும் மூன்று நிறப் பாஸ்பர்களை, அதாவது ஒளிரும் பூச்சுப் பொடிகளைக் கலந்தார்கள், சி.ஆர்.ஐ. 80ஐத் தொட்டது. ஆனாலும் ஒளி அங்கங்கே குவிந்து, நடுவில் இடைவெளி விட்டுத்தான் வரும். சி.எஃப்.எல்.லில் பாதரசம் வேறு இருக்கிறது. அதைத் தேடிப்போய் இனி வாங்க வேண்டியதில்லை.

எல்.இ.டி.யில்தான் கவனம் வேண்டும். வீட்டு எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது பெரும்பாலும் நீல எல்.இ.டி.; அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் சேர்ந்துதான் வெள்ளையாகிறது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அது தகுதியான பரிசுதான்: 60 வாட்ஸ் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை இன்று 9 வாட்ஸில் தாராளமாகப் பெறுகிறோம். ஆனால் இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. சி.ஆர்.ஐ. என்பது வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். அது அந்தச் சராசரியில் சேராது. அதனால் அட்டையில் '80க்கு மேல்' என்று போட்ட பல்பும் சிவப்பில் மிகவும் பின்தங்கியிருக்கலாம். தக்காளி, குங்குமம், அரக்குப் பட்டு, நம் தோல் நிறம் எல்லாம் மங்குவது இதனால்தான்.

என் யோசனை: கண்ணாடி முன்னால், சமையல் மேடை, தையல் மேசை, இந்த மூன்று இடத்துக்கு மட்டும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள். ஆர்9 எண்ணும் போட்டிருந்தால் 50க்கு மேல் இருக்கட்டும். விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். மாடிப்படிக்கும் கொல்லைக்கும் எதுவானாலும் சரி. நம் ஊரில் 'வெள்ளை வெளிச்சம்தான் பிரகாசம்' என்று 6500 கெல்வினையே எல்லா அறைக்கும் போடுகிறார்கள். பிரகாசத்தைச் சொல்வது லூமன் எண். கெல்வின் சொல்வது ஒளி மஞ்சளா நீலமா என்பதை மட்டும். கூடத்துக்கு 3000, வேலை செய்யும் இடத்துக்கு 4000 வைத்துப் பாருங்கள்.

தையல் மெஷின் இருந்தால் இன்னொன்று. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். மட்டமான டிரைவர் (கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள் சர்க்யூட்) உள்ள பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். வேகமாக ஓடும் ஊசியும் சக்கரமும் மெதுவாகப் போவதுபோலத் தோன்றும், அது ஆபத்து. கடையிலேயே பல்பை எரியவிட்டு, போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினாலோ மினுக்கினாலோ வேறு பல்பு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.