பெரமோன் ஜெல் வைத்தால் பிள்ளைக்கும் கோழிக்கும் பட்டுப்புழுவுக்கும் ஆபத்தா? கரப்பான் கேள்வி பதில்

அட்டையில் பெரமோன் என்று போட்டிருக்கும் கரப்பான் ஜெல்லை நம்பி வீட்டில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நான் படித்தது பூச்சியியல், பிழைப்பு கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பூச்சிக் கட்டுப்பாடு. டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஓசூரிலிருந்து: பெரமோன் என்றால் ஹார்மோன் மாதிரிதானே சார்? வயசுக்கு வரப்போகிற பெண் பிள்ளை இருக்கிற வீடு. ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆகாதுங்க. ஹார்மோன் உடம்புக்குள்ளேயே சுற்றி வேலை செய்வது. பெரமோன் ஒரு பூச்சி வெளியே விடுகிற வாசனை, அதே இனத்துப் பூச்சிக்கு மட்டும்தான் அது புரியும். சமையலறையில் ஓடுகிற வெளிர்பழுப்புச் சின்னக் கரப்பான் இருக்கிறதே, ஜெர்மன் கரப்பான் என்பார்கள், அதில் பெண் விடுகிற வாசனையை 2005-இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள், பிளாட்டெல்லாகுவினோன் என்று பெயர். அதற்கு வளர்ந்த ஆண் கரப்பான்தான் ஓடி வரும். பெட்டையும் குஞ்சும் திரும்பிக்கூடப் பார்க்காது. சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய செங்கரப்பானுக்கு வேறு வாசனை, இது அதற்குச் செல்லாது.

அப்புறம் முக்கியமான விஷயம். வாசனை கூப்பிடத்தான் செய்யும், கொல்லாது. கொல்வது ஜெல்லில் கலந்திருக்கும் மருந்து. அதனால் அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம், திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் படியுங்கள். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம், இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். அங்கேயே சாய்ந்த சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும், அதன் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பாருங்கள். சிவப்பு கடும் விஷம், பச்சை இருப்பதிலேயே குறைவு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத பொருளை, பெரமோன் இருந்தாலும் சரி, வேப்பெண்ணெய் என்று சொன்னாலும் சரி, வாங்காதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து: அண்ணா, ரெண்டு வயசுப் பையன் சிங்க் அடியில் வைத்த ஜெல்லை விரலால் தொட்டு நக்கிவிட்டான். ஃபிப்ரோனில் என்று போட்டிருக்கிறது. இப்போது நன்றாகத்தான் விளையாடுகிறான். என்ன செய்வது?

முதலில் வாயை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்துக்குப் போன் போடுங்கள், 1800 116 117, கட்டணம் இல்லை. பையன் சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கை கால் இழுத்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

இப்போது கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் மனசு ஆறும். ஒரு பொட்டு ஜெல் 0.1 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் ஃபிப்ரோனில் 0.05 மில்லிகிராம். 30 கிராம் குழல் முழுவதிலுமே 15 மில்லிகிராம்தான். 12 கிலோ குழந்தை முழுக் குழலையும் தின்றாலும் கிலோவுக்கு 1.25 மில்லிகிராம் வருகிறது. எலியில் பாதி செத்துப்போகிற அளவு கிலோவுக்குச் சுமார் 97. இது எலிக் கணக்கு, அதற்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. ஆனால் விரல் நுனியில் ஒட்டியது என்பது எவ்வளவு சின்ன அளவு என்று புரியும்.

பென்னாகரத்திலிருந்து மறுபடியும்: போன் போட்டேன், கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியானால் 0.05 சதவீதம் இருக்கிற ஜெல்தான் 2.15-ஐ விடப் பாதுகாப்பானதா?

சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எடைக்கு எடை இமிடாகுளோபிரிட் பாலூட்டிகளுக்குக் கொஞ்சம் சாது, எலியில் பாதி செத்துப்போகிற அளவு கிலோவுக்குச் சுமார் 450. ஆனால் ஜெல்லில் நிறையப் போடுகிறார்கள், 30 கிராம் குழலில் 645 மில்லிகிராம். அதே 12 கிலோ குழந்தை முழுக் குழலும் தின்றால் கிலோவுக்கு 54 ஆகிவிடும், எலி அளவில் எட்டில் ஒரு பங்கு. ஃபிப்ரோனில் குழலில் அது எழுபதில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகக்கூடி சுவரில் வைத்த பொட்டு இரண்டிலும் பெரிய பயமில்லை, மிச்சம் வைத்திருக்கும் குழல்தான் பயம். எங்கே வைத்திருக்கிறீர்கள்? பூட்டு இருக்கிற இடமா?

வைக்கும்போதும் கண்ட இடத்தில் கோலம் போட வேண்டாம். சின்னக் கரப்பான் ஒளிகிற இடம் கேஸ் அடுப்பின் அடித்தகடு, ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீலின் இடுக்கு, மிக்ஸியின் அடிப்பாகம். அங்கங்கே மிளகளவு பொட்டு. பிள்ளையின் கை போகாது, கரப்பான் போகும்.

பாலக்கோட்டிலிருந்து: பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு வளர்க்கிற மனை வீட்டை ஒட்டியே இருக்கிறது. கரப்பான் பெரமோன் புழுவைக் கெடுக்குமா?

பெரமோன் கெடுக்காது. உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்த பெரமோனே பட்டுப்பூச்சியுடையதுதான், 1959-இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட் என்பவர் ஐந்து லட்சம் பெண் அந்துப்பூச்சிகளிலிருந்து துளித்துளியாக எடுத்தார், பாம்பிகோல் என்று பெயர். அதற்கும் ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் மயங்கும், கரப்பானுக்கு அதனால் ஒன்றுமில்லை.

ஆனால் மருந்து விஷயத்தில் உங்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் இரண்டுமே பட்டுப்புழுவுக்குக் கடும் விஷம், மல்பெரி இலையில் துளி பட்டால் போதும். மனைக்குள்ளே ஜெல் வேண்டவே வேண்டாம், பசை அட்டை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலறையில் ஜெல் வைக்கலாம், ஆனால் வைத்த கையோடு இலை பறிக்கவோ தட்டைத் தொடவோ போகாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். ஜெல்லைவிட நான் பயப்படுவது ஸ்ப்ரேவுக்கும் சாக்பீஸுக்கும்தான். இரண்டிலும் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை. ஸ்ப்ரேயின் சாரல் காற்றில் போய் மனையில் இறங்கும், சாக்பீஸ் தூள் காலில் ஒட்டிக்கொண்டு போகும். கூடு கட்டப்போகிற ஐந்தாம் பருவத்துப் புழுவைப் பறிகொடுத்துவிட்டு அப்புறம் நோய் என்று தேடுவதில் பிரயோஜனமில்லை.

அரூரிலிருந்து: செத்த கரப்பானை நாட்டுக்கோழி கொத்தித் தின்றுவிடுகிறது. முட்டையைச் சாப்பிடலாமா?

ஒரு சின்னக் கரப்பான் சில மில்லிகிராம் ஜெல்தான் தின்னும், அதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில். ஒன்றிரண்டு தின்ற கோழியைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். ஆனால் அதையே வழக்கமாக்க வேண்டாம். கோழி, காடை வகைப் பறவைகளை ஃபிப்ரோனில் எலியைவிட மோசமாகத் தாக்கும், ஒரு வகைக் காடையில் பாதியைக் கொல்ல கிலோவுக்குச் சுமார் 11 மில்லிகிராமே போதும். முட்டையிலும் அது இறங்கும். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் கோழிப்பண்ணைகளில் உண்ணிக்கு அடித்த மருந்தில் திருட்டுத்தனமாக ஃபிப்ரோனில் கலந்து, லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கூண்டுப் பக்கம் ஜெல் வேண்டாம். காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன்னால் சமையலறையைப் பெருக்கிக் குப்பையைக் கட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: வைத்த புதிதில் கொத்துக்கொத்தாகச் செத்தது, இப்போது ஜெல்லை மோந்துகூடப் பார்ப்பதில்லை. பெரமோன் தீர்ந்துவிட்டதா?

நம் கடைகளில் இருக்கும் ஜெல்களில் பெரும்பாலானவை இழுப்பதே இனிப்பு, மாவு, புரத வாசனையை வைத்துத்தான். கரப்பான் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. குளுக்கோஸ் போட்ட ஜெல் வைத்து வைத்து, குளுக்கோஸ் கசக்கிற கரப்பான் வம்சமே உருவாகிவிட்டது. 1993-இல் அதைக் கவனித்தார்கள், அதன் நாக்கில் இனிப்பே கசப்பு நரம்பைத் தட்டுகிறது என்று 2013-இல் காட்டினார்கள். அதனால் வேறு மருந்தும் வேறு தீனி வாசனையும் உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நடுவில் ஸ்ப்ரே அடித்தீர்களா? பாதிப் பேர் ஜெல்லும் வைத்து, பொறுமையில்லாமல் மேலேயே ஸ்ப்ரேயும் அடிக்கிறார்கள். ஸ்ப்ரே பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஜெல் தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாக வேண்டும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றதும் குஞ்சும் சாக வேண்டும். நமக்கு நல்லதாக அமைவது அந்த அசிங்கமான பழக்கம்தான்.

ஊத்தங்கரையிலிருந்து: போரிக் ஆசிட், சர்க்கரை, மைதா உருண்டை போதாதா? இயற்கை முறை, விலையும் கம்மி.

கரப்பான் சாகும், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி கலந்த 10 கிராம் உருண்டையில் 5 கிராம் போரிக் அமிலம் இருக்கிறது, சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தான அளவு. பார்க்கவும் பொரிவிளங்காய் மாதிரியே இருக்கும். மேலே சொன்ன ஜெல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் நான் இதற்கு ஒப்ப மாட்டேன்.

ஒகேனக்கல்லிலிருந்து: மீன் சமைத்துக் கொடுக்கிற கடை. ராத்திரி மருந்து அடித்துவிட்டுக் காலையில் கழுவிவிடலாமா?

கழுவின தண்ணீர் எங்கே போகும்? காவிரிக்குத்தானே. ஸ்ப்ரே மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். மீன் வைக்கும் தட்டும் மசாலாவும் திறந்திருக்கும் இடத்தில் ஜெல் மட்டும்தான் சரி, அதுவும் பாத்திரம் படாத இடுக்கில். யாராவது பழைய பாட்டிலில் டைக்குளோர்வாஸ் கொடுத்தால் வாங்காதீர்கள், 2020 முடிவோடு இந்தியாவில் அதற்குத் தடை வந்துவிட்டது.

பர்கூரிலிருந்து: மீதி ஜெல்லை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம்மா. மூடியைப் போட்டு, அதன் அட்டையோடேயே, பீரோவுக்கு மேலே பூட்டுகிற பெட்டியில் வையுங்கள். அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏதாவது என்றால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.