கீழாநெல்லியும் ப்ளம்பெர்க்கும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணிக்கு இது ஏழாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. குழந்தை பிறந்ததும் ஊசி போட்டாக வேண்டும் என்கிறார் டாக்டர். பெரியப்பாவோ, "காமாலைக்குக் கீழாநெல்லி போதும். நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கே சென்னைக்காரர்களோடு சேர்ந்து நிரூபித்துவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார். இது உண்மையா, கட்டுக்கதையா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

கட்டுக்கதை இல்லை. ஆனால் பெரியப்பாவுக்கு வந்த செய்தி பாதியில் நின்றுவிட்டது.

அமெரிக்கரான பாரூக் ப்ளம்பெர்க் காமாலைக் கிருமியைத் தேடிப் போனவர் அல்ல. ஒரே நோய் ஒருவரைப் பிடிக்கிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறது. அவர்கள் ரத்தத்தில் என்ன வித்தியாசம்? இதுதான் அவருடைய கேள்வி. அதற்காக உலகெங்கும் இருந்து ரத்த மாதிரிகளைத் திரட்டினார். கண்ணாடித் தகட்டில் அகர் கூழை உறையவைத்து, அதில் சிறு குழிகள் வெட்டுவார்கள். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஒரு குழியில், மற்றவர்களுடையது சுற்றியுள்ள குழிகளில். இரண்டும் கூழில் ஊறிப் பரவி, ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொண்டால் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு அப்படி ஒரு கோடு விழுந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டு 1965-இல் வெளியிட்டார்கள்.

அது என்னவென்று அப்போது தெரியாது. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1967-இல் அவருடைய ஆய்வகத்தில் வேலைசெய்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் தன் சீரத்தையே சோதித்துப் பார்த்தார். மறுநாள் காலை தகட்டில் கோடு இருந்தது. அவருக்கு வந்திருந்தது ஹெபடைடிஸ், அதாவது ஈரல் அழற்சி. எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய தருணம் இதுதான், நோபல் பரிசைவிட. கோட்டை விழவைத்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்ற அந்தப் புரதம் கிருமியின் மேலுறை. நோயைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்து அதை மட்டும் பிரித்துத் தடுப்பூசி செய்யலாம் என்று ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1976-இல் நோபல். 1981-இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி.

இனி கீழாநெல்லி. ப்ளம்பெர்க் அதை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்கவில்லை. அவருடைய ஆய்வகத்தில் அதன் சாறு கிருமியின் ஒரு நொதியைத் தடுத்தது. உட்சக் என்ற அமெரிக்கப் பிராணிக்கு வரும் இதே வகைக் கிருமியையும் குறைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடியை நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஆன்டிஜென் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரையில் ப்ளம்பெர்க்கின் பெயரும் உண்டு.

பெரியப்பாவின் செய்தி இங்கே முடிந்துவிடுகிறது. ஆய்வு முடியவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு அது இன்றுவரை மருந்தாக ஏற்கப்படவில்லை.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நம் ஊரில் தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலை பெரும்பாலும் ஏ, ஈ வகை. பலருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். மோரில் கரைத்துக் குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிராபத்தாகலாம்.) பி வகை அப்படியல்ல. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலோர் உடம்பு வென்றுவிடுகிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் ஏறத்தாழ 90 சதவீதக் குழந்தைகளின் ஈரலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிவரும்.

அதனால் டாக்டர் சொன்னதில் நாள் தள்ளாதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. கூடவே இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் தயார்நிலைப் புரதம்) ஊசி. இரண்டாவது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது, பிரசவ ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வையுங்கள். பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் மற்ற ஊசிகள். அண்ணியின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை நடந்ததா? அதிகம் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். ஹெபடைடிஸுக்கான தேசியத் திட்டம் 2018 முதல் இருக்கிறது, மருந்து இலவசம். அண்ணனும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அண்ணிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று யாராவது ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ஊசி போட்ட குழந்தைக்கு அவர் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.