குரோன்ஸ் நோய்: உணவு முறை இருந்தால் மாத்திரை வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 29. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குரோன்ஸ் நோய் (குடலில் அழற்சியும் புண்ணும் நீடிக்கும் நோய்) இருப்பது இரண்டு வருடங்களுக்கு முன்பு தெரியவந்தது. அதற்காக, உடலின் நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தி அழற்சியைக் குறைக்கும் அசாத்தியோபிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதங்களாகப் பால், கோதுமை, பருப்பு வகைகள், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் நானாகவே நிறுத்திவிட்டேன். வயிற்று உப்புசமும் வலியும் நன்றாகக் குறைந்திருக்கின்றன. எடையும் 6 கிலோ குறைந்துவிட்டது. உணவு முறையே போதும், மருந்து தேவையில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கேள்வியில் வலி குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 6 கிலோதான்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. குரோன்ஸ் நோய்க்கு உணவையே சிகிச்சையாகக் கொடுப்பது உண்டு. குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தால் பல இடங்களில் ஸ்டீராய்டுக்கு முன்பே தருவது திரவ உணவு. 6 முதல் 8 வாரங்களுக்கு வேறு சாப்பாடே கிடையாது. கலோரி, புரதம், வைட்டமின் எல்லாம் கணக்கிட்டுத் தயாரித்த ஊட்டச்சத்துப் பானம் மட்டும்தான். ஏறத்தாழ 10 குழந்தைகளில் 8 பேருக்கு இதிலேயே நோய் அடங்குகிறது. ஸ்டீராய்டும் அடக்கும், ஆனால் குடல் புண் ஆறுவதில் திரவ உணவுதான் முந்துகிறது, குழந்தையின் வளர்ச்சியும் கெடுவதில்லை. பெரியவர்களிடம் இது அவ்வளவாக எடுபடாததற்கு முக்கியக் காரணம், ஒரே பானத்தை வாரக்கணக்கில் குடிக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுவதுதான். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு இந்தச் சிகிச்சை பயன்படாது.

இதைக் கொஞ்சம் தளர்த்தி, தேவையான கலோரியில் பாதியைப் பானமாகவும் மீதியைக் குறிப்பிட்ட சில உணவுகளாகவும் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. கோதுமை, பால் பொருட்கள், பதப்படுத்திய இறைச்சி, குழைமமூட்டிகள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் பொருட்கள்) சேர்த்த பாக்கெட் உணவு ஆகியவை அதில் விலக்கு. அதே சமயம் கோழி இறைச்சி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவற்றைக் கட்டாயமாகச் சாப்பிடச் சொல்வார்கள். லேசான, மிதமான நோயுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், முதல் 6 வாரங்களில் இதன் பலன் முழுத் திரவ உணவுக்குக் குறையவில்லை. தாக்குப்பிடித்தவர்களும் இதில்தான் அதிகம்.

நீங்கள் செய்வது இந்த இரண்டில் எதுவும் இல்லை. எதை விடுவது என்பதை முடிவு செய்தீர்கள். அதற்குப் பதிலாக எதைச் சேர்ப்பது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. (குடல் நோயாளிகளுக்கு வாய்க்கும் ஆலோசகர்கள் எல்லோருமே 'அதைத் தொடாதே' என்று சொல்பவர்களாகத்தான் இருக்கிறார்கள்.)

அப்படியானால் வலி ஏன் குறைந்தது? நீங்கள் நிறுத்தியவை எல்லாமே சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும் சர்க்கரைகள் கொண்டவை. அங்கே பாக்டீரியா அவற்றை நொதிக்க வைக்கும்போது வாயு சேருகிறது, நீரும் இழுபடுகிறது. அவற்றை விட்டால் உப்புசம் குறையும், அந்த நிம்மதி உண்மையானதுதான். ஆனால் புண்ணும் அழற்சியும் வேறு விஷயம். குரோன்ஸில் அழற்சி வலியில்லாமலே நீடித்து, குடல் தடித்துக் குறுகிப்போகும் வரை போகலாம்.

ஆகவே முதலில் மலத்தில் கால்புரோடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) பரிசோதனை செய்யுங்கள். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்ல செய்தி. 250-ஐத் தாண்டினால், நீங்கள் எவ்வளவு நலமாக உணர்ந்தாலும் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே ரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்), அல்புமின் (ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம்), இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் பாருங்கள். பி12 உறிஞ்சப்படுவது உங்களுக்கு நோய் இருக்கும் அதே பகுதியில்தான். எடை குறைந்தது சாப்பாடு போதாமலா, நோய் அடங்காமலா என்பது இவற்றில் ஓரளவு பிடிபடும்.

முடிவுகள் நன்றாக இருந்தால், விட்ட உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கி, மூன்று நான்கு நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நார்ச்சத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஸ்கேனில் குடல் சுருக்கம் தெரிந்தவர்கள்தான் தோல், விதை, சக்கையான காய்களைத் தவிர்க்க வேண்டும். காய்கறி, பழம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த சாதாரண மத்திய தரைக்கடல் உணவு முறையை, தானியங்களையே விலக்கும் கடுமையான ஒரு முறையோடு ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டிலுமே கிட்டத்தட்ட ஒரே அளவினருக்குத்தான் அறிகுறிகள் அடங்கின. எளிதானது இருக்கும்போது கடினமானதைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்படுவானேன் என்பது என் அபிப்பிராயம்.

எடை ஏறும் வரை தினமும் ஊட்டச்சத்துப் பானமும் சேர்த்துக்கொள்ளலாம்; எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர் கணக்கிட்டுத் தரட்டும். புகைப்பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். குரோன்ஸ் நோயை அது நிச்சயமாக மோசமாக்கும்.

அசாத்தியோபிரினைக் குறைக்கும் பேச்சை, கால்புரோடெக்டினும் கொலோனோஸ்கோப்பியும் (கேமரா குழாயால் குடலைப் பார்க்கும் பரிசோதனை) புண் ஆறிவிட்டதைக் காட்டிய பிறகு உங்கள் இரைப்பை குடல் மருத்துவரோடு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வயிறு உப்பி, முறுக்கு வலியோடு வாந்தி வந்தாலோ, வாயு பிரியாமல் போனாலோ, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.