பத்து மணிக்கே படுத்தாலும் ஒரு மணி வரை தூக்கம் வராதது ஏன்?

பலருக்கு இது தூக்கமின்மை நோய் இல்லை, உடல் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போனதுதான். எப்போது தூக்கம் வரவேண்டும் என்பதை மூளைக்குள் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் தீர்மானிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரம் மாதிரி, தினமும் முள்ளைத் திருத்தி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். இரவில் முகத்துக்கு நேரே ஒளிரும் போன் அதற்கு நேர் எதிராகச் செய்யும்.

அதனால் படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல் எழும் நேரத்தைப் பிடியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, மொட்டை மாடியிலோ தெருவிலோ கொஞ்சம் நடங்கள். முதல் சில நாள் பகலில் சொக்கும். குட்டித் தூக்கம் போடாமல் சமாளித்தால் இரவுத் தூக்கம் மெல்ல முன்னால் நகரும்.

அப்புறம் காபி. மாலை 6 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி கஃபீன் இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். நம் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது!

ஞாயிறு மதியம் வரை தூங்கி ஈடுகட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் செய்தால் அன்றிரவுத் தூக்கம் இன்னும் தள்ளித்தான் போகும்.