தீர்வையைக் குறைப்பதா, விளக்கை அணைப்பதா?

சென்ற இதழில், சொத்து வரியைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி வசவு. வசவுக்கே முதலிடம் தருகிறேன்.

? அண்ணாச்சி, நகராட்சிக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு உட்கார்ந்து எழுந்தவர் நீங்கள். அந்தப் பாசம் பேசுகிறது. 2022இல் ஏற்றிய வரியில் பத்து சதவீதமாவது குறைத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?
— பேட்டை வாசகர்

பாசமெல்லாம் ஓய்வு பெற்ற அன்று மாலையோடு சரி. என் வீட்டுத் தீர்வை ரசீதையே எடுத்து வைத்துக்கொள்வோம். (சொத்து வரி என்று அரசாணையில் எழுதட்டும், நம் பக்கத்தில் அது தீர்வைதான்.) தாமிரபரணிக் கரையில் ஒரு நகராட்சியில் 900 சதுர அடி வீடு. 2022 வரை அரையாண்டுக்கு 780 ரூபாய். 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் ஏற்றியபோது 1,170 ஆனது. எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. பின்னால் ஏறியதை இங்கே சேர்க்கவில்லை.

இதில் பத்து சதவீதம் குறைத்தால் ஆண்டுக்கு 234 ரூபாய் மிச்சம். கேன் தண்ணீர் 35 ரூபாய்க்கு விற்கும் தெருவில் ஏழு கேன்கூட வராது. அதே பத்து சதவீதத்தில் மூன்று மாடி வணிக வளாகக்காரருக்கு ஆயிரக்கணக்கில் மிஞ்சும். நகராட்சியில் பணம் குறைந்து குழாய்த் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனால் அவர் இன்னொரு ஆழ்குழாய் இறக்கிக்கொள்வார். நீங்களும் நானும் குடத்தோடு நிற்போம்.

ஒரே தாவலாக ஏன் ஏற்றினார்கள் என்று கேளுங்கள், அது நியாயம். சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் 2008இல் வரியைச் சீரமைத்தார்கள். அதன் பிறகு பத்தாண்டு கையே வைக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். சொத்து வரியை ஒழுங்காக உயர்த்தினால்தான் மானியம் என்று மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்ததும் 2022இல் மறுபடி ஏற்றினார்கள். தேர்தலுக்கு முன்னால் கிடைத்த 'சலுகை'யைத்தான் பின்னால் சேர்த்துக் கட்டினோம். இன்னொரு முறை அதே சலுகையைக் கேட்கச் சொல்கிறீர்கள்.

? சரி, கட்டுகிறோம். கட்டிய பணத்தில் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறதே, அதற்கு யார் பொறுப்பு?
— மேலப்பாளையம் வாசகி

உங்கள் கேள்விதான் இந்த இதழின் கேள்வி, தாயே.

வெளியாள் நினைப்பதுபோல் நகராட்சிப் பணம் கட்டடத் திறப்பு விழாவில் மட்டும் கரைவதில்லை. பெரிய தொகை சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும். அடுத்தது மின்கட்டணம். ஆற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். குறுக்குத்துறையிலும் கொண்டாநகரத்திலும் மோட்டார் ஓடினால்தான் நெல்லையில் குழாய் சொட்டும். அந்தச் செலவைக் குறைக்க முடியாது. விளக்கைக் குறைக்கலாம், குழாய்க் கசிவைக் குறைக்கலாம், இன்னொன்றையும் குறைக்கலாம், அதைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஊரில் (பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள்) ஓர் ஓடைக்குத் தூர் வாரிய பில் வந்தது. ஐந்து மாதம் கழித்து அதே ஓடைக்கு இரண்டாவது பில். அடுத்த மார்ச்சில் மூன்றாவது. அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்று முறையும் அங்குலம் பிசகாமல் ஒன்றே. அந்த ஓடை வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போவேன். அதன் நடுவில் ஓர் எருக்கஞ்செடி பூத்துக் காய்த்து நின்றது. மூன்று முறை தூர் வாரியும் அந்தச் செடியின் மேல் ஒரு மண்வெட்டியும் படவில்லை.

கோப்பில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: 'வாரிய மண் எங்கே கொட்டப்பட்டது?' கோப்பு நாற்பது நாள் திரும்பவில்லை. திரும்பியபோது நான் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தேன்.

அந்த மூன்று பில்லின் தொகை, எங்கள் தெரு முழுவதும் ஓராண்டு கட்டிய தீர்வையை விட அதிகம். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்; பிறப்பு இறப்புப் பிரிவில் மதியத்துக்கு மேல் வேலை குறைவு. வரியைக் குறைத்திருந்தால் அந்த மூன்று பில் நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நிற்காது. முதலில் நிற்பது துப்புரவுப் பணியாளரின் கையுறை, அடுத்தது பிளீச்சிங் பவுடர். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் குறைப்புக் கோஷத்தில் சேர மாட்டேன் என்கிறேன்.

வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பகுதி சபை என்று ஒன்று, வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், 2022 முதல் இருக்கிறது. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றும் கூடும். டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கலைத்துவிடப் பார்ப்பார்கள். எழுந்து நின்று, 'நம் வார்டில் சென்ற ஆண்டு எந்தெந்த வாய்க்கால் தூர் வாரப்பட்டது, தொகை என்ன, மண் எங்கே?' என்று கேளுங்கள். மண்ணை மறந்துவிட வேண்டாம்.

? என் மகள் அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருக்கிறாள். அங்கே மக்களே வாக்களித்து வீட்டு வரிக்கு உச்சவரம்பு வைத்துக்கொண்டார்களாம். நமக்கு அந்தத் துணிச்சல் இல்லையே?
— வண்ணார்பேட்டை வாசகர்

கலிபோர்னியாவில் 1978இல் நடந்தது. பதின்மூன்றாம் முன்மொழிவு என்று அதற்குப் பெயர். வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வரி கூடாது. கைமாறாதவரை அந்த மதிப்பையும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஓய்வு பெற்ற முதியவர்கள் வீட்டை விற்காமல் பிழைத்தார்கள், அது உண்மை. ஆனால் இன்று அடுத்தடுத்த இரண்டு வீட்டில், நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு நேற்று வாங்கியவர் கட்டுகிறார். நகரங்கள் விட்ட வருவாயைக் கட்டணம், சிறப்பு வரி என்று வேறு பெயர்களில் தேடின. பள்ளிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மகள் அங்கே வீடு வாங்கியிருந்தால் அவளிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எவ்வளவு கட்டுகிறார் என்று அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

? வரியைக் கூட்டாமல் வருமானத்தைக் கூட்ட முடியாதா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

முடியும். கடைத்தெருவில் அண்ணாந்து பாருங்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே பயிற்சி மையம், அதற்கும் மேலே கைப்பேசி கோபுரம். வரிப் பதிவேட்டில் அது இன்னும் ஓட்டு வீடு. இவற்றை அளக்க ஆள் அனுப்பினாலே போதும். அனுப்ப மாட்டார்கள், கடைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இல்லை.

? தீர்வையோடு நூலகத்துக்கும் பிடிக்கிறார்களே, எங்கள் தெரு நூலகத்தில் மின்விசிறிகூடச் சுற்றவில்லை.
— களக்காடு வாசகர்

சொத்து வரியில் பத்து சதவீதம் நூலக வரி. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏற்பாடு. வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது நூலக ஆணைக்குழு. வசூலித்தவர் ஒழுங்காகக் கொடுத்தாரா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் மற்ற இடத்தைக் காட்டுவார்கள்; அப்போது இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

? ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, நீங்கள் தீர்வை கட்டிவிட்டீர்களா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், பாளையங்கோட்டை

ஏப்ரல் முதல் வாரமே கட்டிவிட்டேன். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி. அது உங்களுக்கும் உண்டு. கட்டிவிட்டு அப்படியே எங்கள் தெருவில் பகலில் எரியும் விளக்கைப் பற்றியும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நான்கே நாளில் நடவடிக்கை எடுத்தார்கள். இப்போது பகலில் எரிவதில்லை. இரவில் எரிவதற்கு இன்னொரு மனு கொடுத்திருக்கிறேன்.