உயிர்த்தெழுதலும் திங்கட்கிழமையும்

அன்புள்ள ஐயா,

என் அலுவலக நண்பரின் அம்மா போன மாதம் காலமானார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். சிஎஸ்ஐ சபை. தெருவில் ஒட்டிய போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தது. குழிக்கு முன்னால் நின்று ஆயர் உயிர்த்தெழுதலைப் பற்றி வாசிக்கிறார், நண்பர் தேம்பித் தேம்பி அழுகிறார். அம்மா எழுந்து வருவார் என்று நிஜமாகவே நம்புகிறவர் ஏன் அப்படி அழ வேண்டும்?

இன்னொன்று. மின்மயானம் பக்கத்திலேயே இருக்கிறது. அவரோ அப்பாவின் கல்லறையைத் திறந்து அதிலேயே அம்மாவை வைக்க வேண்டும் என்று அனுமதிக்கு ஒரு நாள் முழுக்க அலைந்தார். எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாதா?

கேலியாகக் கேட்கவில்லை. இந்த நம்பிக்கை, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வரும் மனிதரிடம் எதையாவது மாற்றுகிறதா? நீங்கள் இதை நம்புகிறீர்களா?

ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம்புகிறேன். 'சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்' என்று ஞாயிறுதோறும் சொல்லி வளர்ந்தவன். நான் நம்புவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆகவே, நம்புகிறவர்கள் எதை நம்புகிறார்கள், அதனால் என்ன செய்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அழக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அவன் ஊருக்கு வந்த இயேசு, அழுகிறவர்களைப் பார்த்துத் தானும் கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் 11ஆம் அதிகாரம். அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே நகரத்துச் சபைக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். துக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சபைகளில் சிலர் இதைப் பாதியோடு வெட்டி, 'சாட்சியா இருக்கணும், அழாதீங்க' என்று புருஷனைப் பறிகொடுத்தவளின் காதில் சொல்வார்கள். எனக்கு எரிச்சல் வரும். உங்கள் நண்பர் அழுதது சரி.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவர்களிலேயே நிறையப் பேர் குழம்பும் இடம் இது. செத்தால் ஆத்துமா மேலே போய்விடும், அவ்வளவுதான் உயிர்த்தெழுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்ல கிறிஸ்தவம் தேவையில்லை, கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவே போதும். சுவிசேஷங்கள் சொல்வது இதைவிட விசித்திரமானது. உயிர்த்தெழுந்த இயேசு பொரித்த மீனைச் சாப்பிடுகிறார். ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி, ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஆணி அடித்த தழும்பும் ஆறி மறையவில்லை. நம் மயிலாப்பூர் வரை வந்ததாக மரபு சொல்லும் சீடர் தோமா, அந்தக் காயத்தில் கையை வைத்தாலொழிய நம்பமாட்டேன் என்றவர். ஆக, பழைய சட்டையைக் கழற்றுவதுபோல உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆன்மா மட்டும் தப்பிக்கிற கதை அல்ல இது. பாடுபட்ட இந்த உடம்புக்கே கடவுளிடம் மதிப்பு உண்டு, அதைத் திரும்பத் தருவார் என்கிற கதை.

எரிப்பதற்கு வருவோம். கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், சடலங்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுந்து வருகிறார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். நான்காம் நூற்றாண்டு ஆயர் யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாற்றில் இது இருக்கிறது. சபை அசரவில்லை. சாம்பலாகிப் போனவர்களும் எழுவார்கள் என்றுதான் நம்பியது. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரிப்பதற்கு இருந்த தடையை எடுத்தது. 2016இல், சாம்பலைத் தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்றது. ஆகவே கடவுளால் முடியுமா என்பது உங்கள் நண்பரின் பிரச்சினையாக இருந்திருக்காது. அப்பா இருக்கும் இடத்தில் அம்மாவும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். நகரங்களில் கல்லறைத் தோட்டங்கள் நிரம்பிவிட்டன. குடும்பக் கல்லறையைத் திறப்பது இப்போது சாதாரணம், அலைச்சலும் சாதாரணம்.

இந்த உடம்புக்கு மதிப்பு உண்டு என்று ஆனபிறகு அது செத்தவர்களோடு நிற்பதில்லை. 361 முதல் 363 வரை ரோமை ஆண்ட ஜூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர், கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர். அவர் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அங்கலாய்க்கிறார்: முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்யும் உதவி, இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறை, இவைதான் இந்தக் கலிலேயர்களை (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) வளர்த்தன. தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்களே! பிடிக்காதவரின் சாட்சி என்பதால் எனக்கு இது முக்கியம். சில வருஷங்கள் கழித்து, இன்றைய துருக்கியில் இருக்கும் செசரியாவின் ஆயர் பசில் நகருக்கு வெளியே கட்டிய இல்லத்தில் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இருந்தார்கள், தொழுநோயாளிகளுக்கும் இடம் இருந்தது.

நம் பக்கத்தில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1940களில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கை நன்றாக இருந்தால் யாரும் பிச்சை போடமாட்டார்கள், தொழிலும் தெரியாது. அதனால் நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கித் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். பெயரைக் கவனியுங்கள். மறுமையை நம்புகிறவன் இந்த உலகத்தை அலட்சியம் செய்வான் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். (அலட்சியம் செய்கிறவர்களும் உண்டு. 'எல்லாம் பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பக்கத்து வீட்டுக்காரனின் பசியை ஒத்திப்போடுகிறவர்களை எனக்கும் தெரியும்.)

அப்புறம் உங்கள் திங்கட்கிழமை. உயிர்த்தெழுதலைப் பற்றி பவுல் எழுதியதில் மிக நீளமானது கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம். கடைசி எக்காளம் தொனிக்கும், மரித்தோர் எழுவார்கள் என்று சொல்லி, மரணத்தையே பார்த்து, உன் கூர் எங்கே என்று கேட்கும் உச்சத்துக்குப் போகிறார். போனவர், நீங்கள் படும் பிரயாசம் விருதாவாயிராது என்று முடிக்கிறார். அடுத்த வரியிலேயே எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணம்: வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள். அதிகாரம் பிரித்ததெல்லாம் இடைக்காலத்தில்தான், பவுல் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். எக்காளத்திலிருந்து நேராக உண்டியலுக்கு! அந்த முதல் நாள் ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்த நாள்.

பிரயாசம் வீணாகாது என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கு ஒரு நர்ஸ் பொறுமையாகத் தலை வாரிவிடுவார். கணக்குப் போட்டால் வீண் வேலைதான். நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. நம்புகிறவருக்கு அந்தக் கணக்கைப் போடாமலிருக்க ஒரு காரணம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை எதையும் மாற்றாத இடத்தையும் சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர், அதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. எல்லாரும் ஒரே நொடியில், ஒரே எக்காளத்துக்கு எழுவார்கள் என்று வாசித்துவிட்டு, சாதி பார்த்துப் புதைப்பவர்கள் எதைத்தான் நம்புகிறார்கள்? முடியாத காரியம் என்றும் சொல்ல வழியில்லை. நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வேளாளரையும் நாடாரையும் பிரித்த சுவரை 1910இல் இடித்தார்கள். எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

நம்பிக்கை எதையாவது மாற்றுகிறதா என்று உங்கள் நண்பரிடமே கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார் என்றால் இந்தச் சுவர் விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.